வாயு எப்படியும் வந்துவிடும், ஸ்லரியை என்ன செய்யப் போகிறோம்?

ஈரோடு, கோவை, நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வட்டமான ஒரு குழியும், அதன்மேல் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும் ஒரு இரும்பு டிரம்மும் இன்றும் கண்ணில் படும். 1981-82-இல் மத்திய அரசு தேசிய பயோகேஸ் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கி மானியம் கொடுத்த காலத்திலும் அதற்குப் பிறகும் கட்டிய சாண எரிவாயுக் கலன்கள் இவை. நாடு முழுக்க வீட்டு அளவில் 50 லட்சத்தை ஒட்டிய கலன்கள் கட்டப்பட்டிருக்கின்றன, அதில் நின்றுபோனவை ஏராளம். "கோபர் கேஸெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுங்க" என்று ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்போது அதே அறிவியலை வைத்து மாநகராட்சிகளும் எண்ணெய் நிறுவனங்களும் கோடிக்கணக்கில் செலவு செய்து பெரிய ஆலைகள் கட்டுகின்றன. அதனால் அந்தப் பழைய டிரம்கள் ஏன் துருப்பிடித்தன என்பதை இப்போதே கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது, இல்லையென்றால் அதே தவறு பத்தாயிரம் மடங்கு பெரிய அளவில் நடக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழிவிலிருந்து வாயு எடுப்பதில் பெரிய சிரமம் கிடையாது. தொட்டிக்குள் என்ன போகிறது, தொட்டியிலிருந்து செரித்து வெளியே வரும் கரைசல், அதாவது ஸ்லரி, எங்கே போகிறது, இந்த இரண்டில்தான் ஒரு கலன் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. இரண்டிலும் நாம் கவனமே வைக்காதது பின்னதில்.

காற்றே புகாத இடத்தில் சாணியோ சோறோ இலையோ ஈரத்தோடு கிடந்தால், அங்கே நுண்ணுயிர்கள் அதைத் தின்ன ஆரம்பிக்கும். இந்த வேலை ஒரே உயிரால் நடப்பதில்லை. ஒரு கூட்டம் மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் சிறிய மூலக்கூறுகளாக உடைக்கும், அடுத்த கூட்டம் அவற்றை அமிலங்களாக்கும், மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கரியமில வாயு என்று எளிமையாக்கும், கடைசியில் வருவதுதான் மீத்தேன் தயாரிக்கும் கூட்டம். இந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியாகூடக் கிடையாது, ஆர்க்கியா என்கிற தனி வகை, ஆக்சிஜன் பட்டால் தாங்காது. மாட்டின் முதல் வயிற்றில் இவை எப்போதும் இருக்கின்றன. அதனால்தான் சமையலறைக் கழிவில் ஓடப்போகும் தொட்டிக்கும் ஆரம்பத்தில் சாணிதான் கரைத்து ஊற்றுகிறார்கள், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி.

இப்படி வருகிற வாயுவில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதம், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. சதுப்பு நிலத்துச் சேற்றைக் கிளறினால் கொப்புளிக்கிற வாயு எரியும் என்பதை அலெசாந்த்ரோ வோல்ட்டா 1776-லேயே இத்தாலியின் மாஜோரே ஏரிக்கரையில் கண்டறிந்தார். பின்னாளில் மின்கலம் கண்டுபிடித்த அதே வோல்ட்டாதான். நம் நாட்டில் பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-இல் கழிவுநீரிலிருந்து வந்த வாயுவை வைத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். ஆக, இது ஒன்றும் புதிய விஷயமில்லை.

இந்த நான்கு கூட்டங்களில் அமிலம் தயாரிப்பவை மணிக்கணக்கில் பெருகும். மீத்தேன் தயாரிப்பவை இரட்டிப்பாக நாள்கணக்கில் ஆகும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் கலனில் வருகிற கோளாறுகளில் பாதிக்குக் காரணம் புரிந்துவிடும். தீனியைத் திடீரென்று கூட்டினால் அமிலம் தயாரிப்பவை உற்சாகமாகத் தின்று அமிலத்தைக் கொட்டிவிடும், அதை எடுத்து மீத்தேனாக்க வேண்டியவை பின்தங்கிவிடும், தொட்டி புளித்துப்போகும். புளித்த தொட்டியில் மீத்தேன் ஆட்கள் இன்னும் சோர்ந்துபோவார்கள். அமிலத்தன்மை பிஎச் 7-ஐ ஒட்டி, கூடக்குறைய 6.8-இலிருந்து 7.4-க்குள் இருக்கும்வரைதான் எல்லாம் ஒழுங்காக ஓடும். வெப்பமும் அப்படித்தான். 35 டிகிரி வாக்கில் இருந்தால் நன்றாக வேலை நடக்கும், 20-க்குக் கீழே போனால் மந்தமாகிவிடும், 10-ஐத் தொட்டால் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஜெர்மனியில் தொட்டியைச் சூடாக்குவதற்கே வாயுவில் ஒரு பங்கு செலவாகிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் மண்ணுக்குள் புதைத்த தொட்டிக்கு அந்தச் செலவே கிடையாது. நமக்கு வெயில் கொடுத்திருக்கிற இந்தச் சாதகத்தை நாம் போதுமான அளவுக்குப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ பச்சைச் சாணியில் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். வீட்டுக்குப் பரவலாகக் கட்டிய, நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்கு ஒரு நாளைக்கு 50 கிலோ சாணி வேண்டும், அதே அளவு தண்ணீரும் சேர்த்துக் கரைக்க வேண்டும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். அப்படியானால் முழு அளவில் ஓடினால் மாதத்துக்கு 27 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது தாராளம். ஆனால் 50 கிலோ சாணி என்றால் கொட்டகையிலேயே கட்டிப்போட்ட மாடு நாலு ஐந்து வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணியில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். டிராக்டர் வந்து உழவு மாடு போய், இரண்டு கறவை மாடு மட்டும் மிஞ்சிய வீட்டில், 2 கன மீட்டர் கலன் எப்போதும் அரைப்பட்டினியில்தான் கிடந்தது.

கலன்களின் வடிவத்திலும் ஒரு வரலாறு இருக்கிறது. ஜஷ்பாய் பட்டேல் 1950-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மிதக்கும் டிரம் வடிவத்தை 1960-களில் காதி கிராமத் தொழில் ஆணையம் எடுத்துப் பரப்பியது. தோட்டங்களில் துருப்பிடித்துக் கிடப்பது பெரும்பாலும் அந்த வகைதான். அதன் பெரிய நன்மை, எவ்வளவு வாயு இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். இரவெல்லாம் சேர்ந்து காலையில் டிரம் உயர்ந்து நிற்கும், சமைக்கச் சமைக்க இறங்கும். இரும்பு விலையும் துருவும் அதன் சாபம். 1978-இல் உத்தரப் பிரதேசத்து அஜீத்மலில் இருந்த ஆய்வு நிலையம் டிரம்மே இல்லாத, செங்கல் கூரை வைத்த ஜனதா மாதிரியைக் கொண்டுவந்தது. 1984-இல் அஃப்ரோ என்ற தொண்டு நிறுவனம் அதைவிடச் செலவு குறைந்த தீனபந்து மாதிரியைக் கொண்டுவந்தது, இது முழுக்க மண்ணுக்குள் இருக்கும், துருவுக்கு வேலையில்லை. ஆனால் இதைக் கட்டத் தெரிந்த கொத்தனார் வேண்டும். கூரையில் மயிரிழை அளவு வெடிப்பு விட்டாலும் வாயு கசிந்துபோகும், டிரம் வகையில் தெரிகிற மாதிரி வெளியே தெரியவும் செய்யாது. "கேஸ் முன்ன மாதிரி வர்றதில்ல" என்று மட்டும்தான் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும்.

ஒரு சாதாரண வீட்டில் கலன் எப்படி நிற்கிறது என்று பார்த்தால் காரணங்கள் எல்லாம் சில்லறையாக இருக்கும். குழாய் செல்லும் வழியில் தாழ்வான இடத்தில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அதை வாரம் ஒருமுறை திறந்து வடிக்க ஒரு திருகு வைத்திருப்பார்கள். வடிக்காவிட்டால் அடுப்பில் தீ விட்டுவிட்டு, துடித்துத் துடித்து எரியும். ஹைட்ரஜன் சல்பைடு பர்னரை அரிக்கும், துளைகள் அடையும், தீ மஞ்சளாகிப் பாத்திரம் கரிபிடிக்கும். வைக்கோல் துணுக்கோடு சாணியை அப்படியே தள்ளினால் மேலே ஏடு கட்டிக் கெட்டியாகும், வாயு அதைத் தாண்டி வராது. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யக் கூடியது. ஆனால் சரிசெய்ய வருவது யார்? மானியம் கட்டுமானத்துக்குக் கிடைத்தது, கட்டி முடித்துப் படம் எடுத்துக் கணக்கு எழுதியாயிற்று, அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதே நேரத்தில் கேஸ் சிலிண்டர் கிராமத்துக்கும் வந்துவிட்டது. விடியற்காலையில் சாணியைக் கையால் கரைத்து ஊற்றும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது, அவர்கள் சிலிண்டர் பக்கம் போனதை யாரும் குறை சொல்ல முடியாது.

நேபாளத்தில் இதே சாணி, இதே செங்கல் கூரைத் தொழில்நுட்பம்தான். ஆனால் 1992-இல் டச்சு உதவியோடு அங்கே தொடங்கிய பயோகேஸ் ஆதரவுத் திட்டத்தில் மானியத்தைத் தரத்தோடு கட்டிப்போட்டார்கள். ஒரே ஒரு மாதிரிதான், எந்த நிறுவனம் கட்டினாலும் அதே அளவுகள். கட்டியதில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஆய்வாளர் நேரில் போய்ப் பார்ப்பார், குறை இருந்தால் நிறுவனத்துக்கு அபராதம். கட்டிய பிறகு 3 ஆண்டுகளுக்கு வந்து பார்ப்பது நிறுவனத்தின் கடமை. நம் மாநிலங்கள் சிலவற்றைவிடச் சிறிய அந்த நாட்டில், குளிர் மிகுந்த மலைச்சரிவுகளையும் சேர்த்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கலன்கள் கட்டப்பட்டன. வாயு தருகிற உயிர்கள் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். வேறுபட்டது தரக் கட்டுப்பாடும் பின்சேவையும்தான்.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். மேலே சொன்ன 2 கன மீட்டர் கலனில் நாள்தோறும் 50 கிலோ சாணியும் 50 லிட்டர் தண்ணீரும் உள்ளே போகின்றன. 100 கிலோ. வருகிற வாயுவின் எடை எவ்வளவு தெரியுமா? ஒரு கன மீட்டர் சுமார் 1.15 கிலோ, இரண்டுக்கு 2.3 கிலோ. மீதி 97 கிலோவுக்கு மேல் ஸ்லரியாக மறுபக்கம் வெளியே வந்து நிற்கிறது, தினமும். வாயுவாகப் போனதில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், துளி கந்தகம் மட்டும்தான். சாணியில் இருந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை ஏறத்தாழ முழுசாக அந்த ஸ்லரியில் இருக்கின்றன. அதே சாணியை வறட்டி தட்டி எரித்திருந்தால் தழைச்சத்து புகையோடு போயிருக்கும். குப்பைக்குழியில் திறந்த வெளியில் போட்டிருந்தால் அதில் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றிலும் மழைநீரோடு மண்ணுக்குள்ளும் போயிருக்கும். அடுப்பும் எரிந்து உரமும் மிஞ்சுகிற வழி இது ஒன்றுதான் என்பதால்தான் இதன்மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

அதிலும் இந்த ஸ்லரி தொழு உரத்தைவிட ஒரு படி மேல். தொட்டிக்குள் செரித்த பிறகு தழைச்சத்தில் ஒரு நல்ல பங்கு அம்மோனிய வடிவுக்கு மாறிவிடுகிறது, பயிர் அதை உடனே எடுத்துக்கொள்ளும். களை விதைகள் பெரும்பாலும் முளைப்புத்திறன் இழந்துவிடும். பச்சைச் சாணியில் மொய்க்கிற ஈ இதில் மொய்க்காது, நாற்றமும் அடங்கிவிடும். ஆனால் அந்த அம்மோனியமே இதன் பலவீனமும்கூட. ஸ்லரியை வெயிலில் பரப்பிக் காயவைத்து மூட்டை கட்டினால் அந்தப் பங்கு அப்படியே ஆவியாகிவிடும், கையில் மிஞ்சுவது நார்தான். பல வீடுகளில் இதைத்தான் செய்தார்கள், "கோபர் கேஸ் சாணியில சத்தே இல்ல, கேஸுதான் எல்லாத்தையும் இழுத்துடுச்சே" என்ற பேச்சு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாயு இழுக்கவில்லை, வெயில் இழுத்தது.

சரியாகப் பயன்படுத்துவது அவ்வளவு சிரமமில்லை. வெளியேற்றுத் தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கு ஒரு குழாய் விட்டு, தண்ணீர் பாயும்போது கூடவே கலந்துவிட்டால் வாழைக்கும் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் நேராகப் போய்விடும். மாலை வேளையில் விட்டால் இன்னும் நல்லது. தோட்டம் தள்ளி இருந்தால், நிழலில் இரண்டு குழி வெட்டி, ஒரு அடுக்கு காய்ந்த சருகு அல்லது கரும்புத் தோகை, அதன்மேல் ஸ்லரி, மறுபடி சருகு என்று நிரப்பிக்கொண்டே வந்தால் சருகு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், சில மாதங்களில் வண்டியில் ஏற்றும் பதத்துக்கு உரமாகிவிடும். ஒரு குழி நிரம்பும்போது மற்றொன்று தயாராக இருக்கும். மண்புழு உரப் படுக்கைக்கும் இது நல்ல தீனி. இன்றும் நன்றாக ஓடுகிற வீட்டுக் கலன்களைப் போய்ப் பாருங்கள், ஸ்லரிக்கு ஒரு வாய்க்காலோ குழியோ ஒழுங்காக இருக்கும். நின்றுபோனவற்றில் வெளியேற்றுத் தொட்டி நிரம்பி வழிந்து, கொசு மொய்த்து, "எடுக்க ஆளில்லை" என்ற பேச்சிலிருந்து தொடங்கியவை பல.

சமையலறைக் கழிவுக்கு வருவோம். சாணி என்பது மாடு ஏற்கெனவே செரித்துச் சத்தை எடுத்துக்கொண்ட மிச்சம். மீந்த சோறும் காய்த்தோலும் அப்படியில்லை, உள்ளே இன்னும் எல்லாம் இருக்கிறது. அதனால் எடைக்கு எடை பார்த்தால் சாணியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாயு தரும், அதுவும் சீக்கிரமாக. புனேயில் ஆனந்த் கார்வேயின் ஆர்ட்டி அமைப்பு தண்ணீர்த் தொட்டி போன்ற இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று கவிழ்த்துச் செய்த சிறிய கலனுக்கு 2006-இல் பிரிட்டனின் ஆஷ்டன் பசுமை எரிசக்தி விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே திருவனந்தபுரத்தின் பயோடெக் நிறுவனமும் அதே விருதைப் பெற்றது, கேரளத்தில் வீடுகளிலும் மீன் சந்தைகளிலும் கலன்கள் அமைத்ததற்காக. மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஷரத் காலே உருவாக்கிய நிசர்க்ருணா முறையில் கழிவை முதலில் அரைத்துக் காற்றோட்டமுள்ள ஒரு தொட்டியில் வெந்நீர் சேர்த்துப் பதப்படுத்திவிட்டு அப்புறம்தான் காற்றில்லாத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் சீக்கிரம் செரிக்கிற தீனிக்கு ஆபத்தும் அதிகம். ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் 50 கிலோ போட்டுப் பழகிய தொட்டியில், விழா நாள் வந்து மிஞ்சிய 200 கிலோ சோற்றையும் சாம்பாரையும் "வீணாகக் கூடாது" என்று ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். அடுத்த நாள் டிரம் கண்ணைப் பறிக்கும் உயரத்துக்கு எழும்பும், எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கடுத்த நாள் அடுப்பைப் பற்றவைத்தால் பற்றாது, ஏனென்றால் எழுப்பியதில் பெரும்பகுதி கரியமில வாயு. தொட்டி வாயில் நுரை பொங்கும், புளித்த மாவு வாடை வரும். சமையல்காரர் வாயு வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தீனி போடுவார், கதை முடிந்தது. இந்த நிலையில் செய்ய வேண்டியது தீனியை உடனே நிறுத்துவது, சில நாள் காத்திருப்பது, நன்றாக ஓடுகிற கலனிலிருந்து கொஞ்சம் ஸ்லரியோ புதுச் சாணிக் கரைசலோ ஊற்றுவது, ரொம்பவே புளித்திருந்தால் அளவோடு சுண்ணாம்புக் கரைசல் சேர்ப்பது. வாயு மறுபடி நீலமாக எரிய ஆரம்பித்த பிறகு கால் அளவு தீனியில் தொடங்கி ஏற்ற வேண்டும். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, தேங்காய் ஓடு, எண்ணெய்க் கசடு மொத்தமாக, பினாயில் கலந்த கழுவுநீர் இவற்றை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும், தொட்டி பல ஆண்டு ஓடும். ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பு. எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் இருக்காது, ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் அதன் நாற்றமே மூக்குக்குத் தெரியாமல் போய்விடும், இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் வருடா வருடம் நடக்கின்றன.

நகர அளவுக்குப் போனால் எல்லாம் பிரிப்பதில்தான் இருக்கிறது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை நாளுக்கு 550 டன் ஈரக்கழிவை எடுத்து 17 டன் சிஎன்ஜியும் 100 டன் உரமும் தருவதற்காகக் கட்டப்பட்டது, அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. அந்த ஆலையின் இயந்திரங்களைப் புகழ்வதற்கு முன்னால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்தூர் வீடுகளில் குப்பை தனித்தனியாக வாங்கப்பட்டதையும், கலந்து கொடுத்தால் வாங்க மறுத்ததையும் சொல்ல வேண்டும். ஆலைக்கு வருகிற ஈரக்கழிவில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் மணலும் மிகக் குறைவு என்பதால்தான் அங்கே தொட்டி அடைப்பதில்லை, வெளியே வரும் உரத்தையும் விவசாயி வாங்குகிறார். நம் கோயம்பேடு சந்தைக்கும் காய்கறிக் கழிவில் மின்சாரம் எடுக்க நாளுக்கு 30 டன் ஆலை ஒன்று 2000-களின் நடுவிலேயே அமைந்தது, தொடர்ந்து ஓடி நிலைக்கவில்லை. சந்தைக் கழிவு ஒரே இடத்தில் குவிவதால் எளிது என்று தோன்றும். ஆனால் அதில் வாழைத்தண்டும் வாழைநாரும் சணல் கயிறும் பிளாஸ்டிக் கோணியும் பின்னிக் கிடக்கும், அவை அரைவை இயந்திரத்திலும் கலக்கியிலும் சுற்றிக்கொள்ளும். கடைக்காரர் கட்டு அவிழ்க்கிற இடத்திலேயே நாரையும் கயிறையும் தனியாகப் போட வைத்தால்தான் உண்டு, ஆலை வாசலில் உட்கார்ந்து பிரிக்க முடியாது.

சென்னையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் கசடைச் செரிக்கவைத்து வருகிற வாயுவில் மின்சாரம் எடுத்து, அந்த நிலையத்தை ஓட்டவே பயன்படுத்துகிறார்கள். சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் ஒருகாலத்தில் கிணறுகளைக் கெடுத்த பெரும் தலைவலி. இப்போது பல ஆலைகள் அதை மூடிய குளங்களில் விட்டு வாயுவாக்கி ஆலைக்கே எரிபொருளாக்குகின்றன. இவை ஏன் நிலைத்தன என்றால், தீனி தினமும் ஒரே மாதிரி, அதே வளாகத்தில் வருகிறது, வாயுவும் அதே வளாகத்தில் செலவாகிறது. யாரிடமும் போய் வாங்க வேண்டாம், யாருக்கும் விற்க வேண்டாம்.

2018 அக்டோபர் 1 அன்று மத்திய அரசு சதத் திட்டத்தை அறிவித்தது. சாண எரிவாயுவிலிருந்து கரியமில வாயுவையும் சல்பைடையும் நீக்கி, மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்து, அழுத்தி, வாகனங்களுக்கு விற்பது. கிலோ 46 ரூபாய்க்கு எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் என்று தொடங்கி, 2023-24-க்குள் 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு முடிந்தபோது ஓடிக்கொண்டிருந்தவை நூறை ஒட்டித்தான். நாமக்கல் புதுச்சத்திரத்தில் கோழி எச்சமும், கரும்புச் சாற்றை வடிகட்டியபின் ஆலையில் மிஞ்சும் பிரஸ்மட் என்ற கசடும் போட்டு ஓடுகிற ஆலை அந்தச் சிலவற்றில் ஒன்று. கோழிப்பண்ணையும் சர்க்கரை ஆலையும் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே தீனிக்குப் பஞ்சமில்லை. இப்போது நகர எரிவாயு விற்கும் நிறுவனங்கள் 2025-26 முதல் 1 சதவீதம், 2028-29 முதல் 5 சதவீதம் இந்த வாயுவைக் கலந்தாக வேண்டும் என்று விதியும் வந்திருக்கிறது. அப்படியானால் வாயுவுக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள்.

ஸ்லரிக்கு? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாணி ஸ்லரி ஒரு டன்னில் திடப்பொருள் 60, 70 கிலோதான், மீதி தண்ணீர். அந்தத் திடப்பொருளில் தழைச்சத்து ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன் ஸ்லரியில் சுமார் ஒரு கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆக ஒரு டன் ஸ்லரியின் தழைச்சத்துக்கு யூரியா விலையில் மதிப்பு 15 ரூபாய்கூட வராது. அதில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கரிமப்பொருளும் துத்தநாகமும் இருக்கின்றன, மண்ணுக்கு அவை ரொம்ப முக்கியம், ஆனால் கடையில் விலை பேசும்போது அதற்கெல்லாம் யாரும் காசு கொடுப்பதில்லை. 15 ரூபாய்ச் சரக்கை டேங்கரில் ஏற்றி 30 கிலோமீட்டர் கொண்டுபோக யாரால் முடியும்? யூரியாவுக்கு அரசு கொடுக்கிற மானியம் இந்தப் பக்கம் வராதவரை இந்தக் கணக்கு மாறாது. 2023-இல் இப்படிப்பட்ட கரிம உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி என்று அறிவித்தது சரியான திசையில் ஒரு அடி. அது ஆலைகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும், தரம் பார்க்க ஆய்வகமும் வேண்டும், குறிப்பாக நகரக் கழிவிலிருந்து வருகிற உரத்தில் கன உலோகம் எவ்வளவு என்று தெரியாமல் எந்த விவசாயியும் வயலில் போட மாட்டார், போடவும் கூடாது.

இதெல்லாம் வேண்டாம், குப்பைமேட்டிலேயே கொட்டிவிடலாம் என்றால் அங்கேயும் இதே உயிர்கள் இதே வேலையைத்தான் செய்கின்றன. மூடி இல்லாத தொட்டியில் வருகிற மீத்தேன் நேராக வானத்துக்குப் போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு, இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிற வாயு அது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றுவட்டாரம் புகையில் மூச்சுத் திணறியது, அப்படிப்பட்ட தீயை இந்த வாயுதான் அணைய விடாமல் வைக்கிறது. அதே காரணத்தால், கூரை வெடித்துக் கசியும் கலனும், பயன்படுத்தாமல் வாயுவைத் திறந்துவிடும் ஆலையும் நன்மை செய்வதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எரிக்க வழியில்லாத நாளில் தீப்பந்தம் போல ஒரு குழாயில் கொளுத்திவிடுவதற்காவது ஏற்பாடு இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் இப்படியொரு ஆலை வருகிறது என்றால், கூட்டத்தில் கேட்க வேண்டியதில் பலர் விட்டுவிடுகிற ஒன்று மழைக்காலம். நாளுக்கு 100 டன் தீனி எடுக்கும் ஆலையில், தண்ணீரைத் திரும்பச் சுழற்றியதுபோக, தினமும் பல பத்து டன் ஸ்லரி வெளியேறும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையில் வயல் நிறையத் தண்ணீர் நிற்கும்போது அதை யாரும் வாங்க மாட்டார்கள், ஊற்றினாலும் அடித்துக்கொண்டு ஏரிக்குத்தான் போகும், ஏரியில் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். தொட்டிக்குள்ளே உயிர்கள் மழைக்கு விடுமுறை எடுப்பதில்லை. ஆகவே மூன்று மாத ஸ்லரியை மூடிவைக்கும் அளவுக்குச் சேமிப்புக் குளம் திட்ட வரைபடத்தில் இருக்கிறதா, சுற்றி 10, 15 கிலோமீட்டருக்குள் அதை எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த விவசாயிகள் எத்தனை பேர், அவர்களிடம் எத்தனை ஏக்கர், டேங்கர் செலவு யாருடையது என்று கேளுங்கள். வாயு எத்தனை டன் வரும் என்பதை அவர்களே பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள், அதைக் கேட்க வேண்டியதில்லை.